ராஜாவின் ஒன்பதாம் ஷரத்து

எங்கள் மருத்துவக் கல்லூரியில் வருடத்துக்கு ஒருநாள் என் கையில் மைக் கொடுப்பார்கள். மற்ற நாட்களில் நான் உடற்கூறியல் பிரிவில் வெறும் அட்டெண்டன்ட். தானமாக வரும் உடல்களை வாங்கி வைப்பது, கெடாமலிருக்கப் பார்மலின் ஏற்றுவது, தொட்டியில் இறக்குவது, வகுப்பு நாளில் எடுத்து மேசைமேல் கிடத்துவது, எல்லாம் முடிந்தபின் மிச்சத்தைச் சேர்த்துக் கட்டி அனுப்பிவைப்பது. இருபத்தாறு வருடமாக இதுதான் வேலை. தாராவியில் எங்கள் வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் என் கையால் தண்ணீர் வாங்குவதற்கு முன் ஒரு நொடி யோசிப்பார்கள். யோசிக்கட்டும். முதல் வருடம் வரும் டாக்டர் பிள்ளைகள் எந்த நரம்பு எங்கே போகிறது என்று ரகசியமாக என்னிடம்தான் வந்து கேட்பார்கள்.

அந்த ஒருநாள், மும்பையில் இந்தக் கல்லூரியைக் கட்டிக்கொடுத்த ராஜாவின் பிறந்தநாள். சமஸ்தானம் சின்னது. இப்போது ஒரு தாலுகாவுக்குள் அடங்கிப்போய்விட்டது. எந்த டீன் வந்தாலும் அன்றைக்கு ஒரே பேச்சுதான்: இந்த நாட்டின் மருத்துவப் படிப்பையே புதிதாக்கியவர் இந்த மகாராஜா. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள், ஆனால் பொய் இல்லை. அவர் காலத்தில் டாக்டருக்குப் படிப்பவன் உடம்பைப் புத்தகத்தில் மனப்பாடம் செய்தான். வாத்தியார் போர்டில் ஈரலை வரைந்தால் இவன் நோட்டில் ஈரலை வரைவான். பிணத்தைத் தொட்டால் சாதியை விட்டுத் தள்ளிவைப்பார்கள் என்ற பயம். ராஜா தன் செலவில் பத்துப் பன்னிரண்டு பேரைக் கப்பலேற்றிப் படிக்க அனுப்பி, அவர்களையே இங்கே ஆசிரியர்களாக வைத்தார். கூரையில் கண்ணாடி பதித்து, பகல் முழுக்க வெளிச்சம் விழும்படி பெரிய கூடம் கட்டினார். எலும்புக்கூடுகள், மெழுகு உறுப்புகள், கண்ணாடி ஜாடிகள் எல்லாம் வந்து இறங்கின. ஒப்பித்துக் காட்டுவது பரீட்சை இல்லை, நோயாளியின் கட்டிலருகே நின்று காட்டுவதுதான் பரீட்சை என்று விதி போட்டார். பெண்களையும் சேர்க்கச் சொன்னார்.

முதல் உடல் மேசைக்கு வந்த காலையில் மாணவர்கள் ஒருவரும் உள்ளே வரவில்லையாம். ராஜா தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுத் தானே போய் மேசையின் தலைமாட்டில் நின்றிருக்கிறார். உச்சிவேளை வரை நகரவில்லை. அதன்பிறகுதான் ஒவ்வொருத்தனாக வந்திருக்கிறான். அரண்மனைக் கோயிலில் அவரை நாற்பது நாள் உள்ளே விடவில்லை என்பார்கள்.

அந்த உடலைச் சுமந்து வந்தது இரண்டு பேர். அவர்கள் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆனால் ராஜா அவர்களை மறக்கவில்லை. தன் தானப் பத்திரத்தில் ஒன்பதாவது ஷரத்தாக அவர்களுக்கென்று ஒன்று எழுதிவைத்தார். இந்தக் கூடத்தில் உடல்களைச் சுமக்கிறவர்கள், கழுவுகிறவர்கள், தரையைத் துடைக்கிறவர்கள், இவர்களுடைய பிள்ளைகளில் படிக்கத் தகுதி இருந்தும் வேறு எங்கும் இடம் கிடைக்காத ஒருவருக்கு ஆண்டுதோறும் இங்கே ஓர் இடம் தர வேண்டும். பத்தாவது ஷரத்து: இந்தப் பத்திரத்தை ஆண்டுதோறும் தன் பிறந்தநாளில், சுமக்கிறவர்களில் ஒருவரே எல்லார் முன்பும் வாசிக்க வேண்டும், தங்களுக்கு உரியது என்ன என்பதை அவர்கள் மறக்கக் கூடாது.

பார்த்தீர்களா, மனுஷன் எவ்வளவு யோசித்திருக்கிறார். ராஜாவின் படத்துக்குக் கீழே பளிங்குக் கல்லில் பத்து ஷரத்தும் மராத்தியில் வெட்டியிருக்கிறது. எனக்கு முன்னால் வாசித்தவர் ஓய்வு பெற்றதும், குரல் நன்றாக இருக்கிறது என்று என்னிடம் கொடுத்தார்கள். நகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவன், தெருவில் கற்ற மராத்தியைக் கல்லில் எழுத்துக்கூட்டிப் பழகினேன். இரண்டாம் வருடமே மனப்பாடம். ஒன்பதாம் ஷரத்து முடிந்ததும் கொஞ்சம் நிறுத்துவேன். அந்த இடத்தில் கைதட்டுவார்கள். டீன் தட்டுவார், புரொபசர்கள் தட்டுவார்கள், பின்வரிசையில் எங்கள் ஆட்கள் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டுவார்கள். இருபத்திரண்டு வருடம் அந்தக் கைதட்டலை என் நெஞ்சு விரியக் கேட்டிருக்கிறேன்.

எனக்கு ஒரே மகள். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசையா, என் ஆசையா என்று இப்போது கேட்டால் எனக்கே பதில் தெரியவில்லை. ஐந்து வயதில் வீட்டுப் பூனையின் கால் எலும்புகளை அழுத்திப் பார்த்துப் பெயர் கேட்டவள். நானும் சொல்லிக்கொடுத்தேன். பன்னிரண்டாவதில் நல்ல மார்க். கோச்சிங் எல்லாம் கிடையாது, மேல் பரணில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்துப் படித்தாள். அந்தப் பரணில் நிமிர்ந்து உட்கார முடியாது. ஒரு வருடம் குனிந்தே படித்தாள்.

நுழைவுத் தேர்வில் தேறினாள். ஆனால் அரசுக் கல்லூரியில் எம்பிபிஎஸ் கிடைக்கிற அளவுக்கு மார்க் வரவில்லை. கொஞ்சத்தில் போய்விட்டது. நாக்பூர்ப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் பிசியோதெரபி கிடைத்தது. அவள் சந்தோஷப்பட்டாள் என்பதை நான் இங்கே எழுதியே ஆகவேண்டும். சிம்பிளாகச் சொன்னாள், "பரவால்லப்பா, இதுவும் நல்ல லைன்தான். கை காலு வெளங்காதவங்கள நடக்க வெக்கிறது. ஹாஸ்டலும் இருக்கு."

நான்தான் கேட்கவில்லை.

"ஏ, நீ நாக்பூருக்குப் போயி சேந்துட்டன்னு வையி, ஒனக்கு ஓரிடத்துல சீட்டு கெடச்சிட்டுன்னு ஆயிரும். அப்பொறம் ராஜா சீட்டு கேக்க முடியாது. வேற எங்கயும் எடம் கெடைக்காத பிள்ளைக்குத்தான் அதுன்னு கல்லுல வெட்டிருக்குல்லா?"

 அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இத்தன வருஷமா வாசிக்கீங்களேப்பா, இதுவரைக்கும் யாருக்காவது குடுத்திருக்காங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதில் தெரியாத கேள்வி கேட்டால் எனக்கு எப்போதும் கோபம்தான் வரும். "யாரு போயி கேட்டா? நம்மாளுக பிள்ளைக எவன் பன்னெண்டாவது தாண்டுனான்? எவனும் கேக்கல, அவங்களும் குடுக்கல. தகுதியுள்ள பிள்ள நீதான் மொதல்ல வந்திருக்க."

அப்படித்தான் நம்பினேன். யாரிடமாவது போய்க் கேட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். எதற்குக் கேட்க வேண்டும்? வருடாவருடம் டீன் முன்னால் நானே வாசிப்பது, டீனே கைதட்டுவது. அது உண்மைதானா என்று டீனிடமே போய்க் கேட்டால் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைக்க மாட்டார்களா?

நாக்பூர் சீட்டை உறுதிசெய்யக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி வரை. அன்றைக்கு என் மனைவி சர்ச்சுக்குப் போய் ஜெபக் குறிப்புப் பெட்டியில் ஒரு துண்டுக் காகிதம் எழுதிப் போட்டுவிட்டு வந்தாள். மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். நாலரை மணிக்கு என்னை ஒருமுறை பார்த்தாள். "வேண்டாம்" என்றேன். ஐந்து மணி ஆனது. அவள் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் விண்ணப்பத்தோடு ஆபீசுக்குப் போனேன். மகளே கைப்பட எழுதியது. எனக்கு வேறு எங்கும் இடம் இல்லை என்று அதில் ஒரு வரி, ஷரத்தில் இருப்பதுபோலவே இருக்கட்டும் என்று நான்தான் சொல்லி எழுதவைத்தேன். ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் மாதுங்காக்காரர், பாலக்காட்டுக் குடும்பம், என்னைவிட இரண்டு வயது மூத்த அம்மா. மற்றவர்களோடு இந்தியில் பேசினாலும் என்னிடம் தமிழில்தான் பேசுவார். விண்ணப்பத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். திரும்பவும் போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தார்.

"இது எந்தக் காலத்துக் கதை? அட்மிஷன் எல்லாம் கவர்மென்ட் எடுத்துண்டப்பவே ஒன்பதாவது ஷரத்து போயாச்சே. நான் வேலைக்கு வர்றதுக்கும் முன்னாலயே போயாச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

"வருஷாவருஷம் வாசிக்கச் சொல்லுதீங்களே மேடம்."

"வாசிக்கச் சொல்றது பத்தாவது ஷரத்து. அது இன்னும் இருக்கு. ஒன்பது சட்டத்துக்கு விரோதம், செல்லாது. பத்து செல்லும். ஒரு பேப்பரை வாசிக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் சொல்லலியே." அலமாரியிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்து ஒரே பக்கத்தில் இரண்டு உத்தரவும் அடுத்தடுத்து இருப்பதைக் காட்டினார். இடம் தரத் தேவையில்லை என்று ஒன்று. வாசிப்பு வழக்கம்போல் தொடரலாம் என்று இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே கையெழுத்து.

பிறகு, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நினைத்திருப்பார். "போட்டும். பொண்ணுக்கு வேற ஒண்ணுமே கிடைக்கலியா?"

"நாக்பூர்ல பிசியோதெரபி கெடச்சிது மேடம்."

"அய்யோ, அப்பறம் ஏன் விட்டேள்?"

 விண்ணப்பத்தைத் திருப்பிக் கேட்டேன். இன்வர்ட் பதிவேட்டில் ஏற்றிச் சீல் போட்டாயிற்று, தர முடியாது என்றார். எனக்கு வேறு எங்கும் இடம் இல்லை என்று என் மகள் கைப்பட எழுதிய காகிதம் இன்றைக்கும் அந்த ஆபீசில்தான் இருக்கிறது. அவள் எழுதியபோது அது பொய்யும் இல்லை. மூன்று நாளைக்கு முன்னால் நானே அதை உண்மையாக்கி வைத்திருந்தேன்.

அங்கிருந்தே நாக்பூருக்குப் போன் போட்டேன். அடுத்த சுற்றுக்கு இடம் போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். மூன்று முறை போட்டேன். மூன்றாவது முறை எடுத்தவர், பாவூ, அண்ணா என்று கூப்பிட்டு, அடுத்த வருடம் பாருங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

மகள் சான்றிதழ்களையெல்லாம் நெகிழிக் கோப்பில் அடுக்கி, கூப்பிட்டால் உடனே கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தாள். நான் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அது இல்லையாம்மா."

"எது இல்ல?"

"அந்த சீட்டே இல்லையாம். எப்பவோ எடுத்துட்டாங்களாம்."

அவள் அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "சரிப்பா" என்றாள். என் மனைவி மட்டும் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "கெடச்சதையும் கெடுத்துட்டியளே" என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர.

அடுத்த வருடம் மறுபடி எழுதினாள். மார்க் முன்பைவிடக் குறைந்தது. பரணில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பதை நான் கீழேயிருந்து பார்த்திருக்கிறேன். மூன்றாவது தடவை எழுதச் சொன்னேன். "எனக்கு ஆவாதுப்பா, சோடுங்கப்பா, விட்டுருங்க" என்றாள். இப்போது செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கவுண்டரில் இருக்கிறாள். ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுப் பெயரை ஒட்டிக் கொடுக்க வேண்டும். வாங்க வருகிறவர்கள் பதற்றத்தில் இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள். அவளுக்குத் தெரியும், சொல்லக் கூடாது. டாக்டரைப் பாருங்கள் என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறாள்.

அந்த ஒரே ஒரு தடவை என்றேனே, அது போன வருடம். என் மனைவிக்கு முழங்கால் வலி. திலக் நகரில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபி பார்க்கச் சொன்னார்கள். மகளுக்கு விடுமுறை, மூன்று பேரும் போனோம். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண், என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூடுதலாக இருக்கும். என் மனைவியின் காலைப் பிடித்து எப்படித் தூக்க வேண்டும், எப்படி இறக்க வேண்டும் என்று காட்டினாள். பத்துத் தடவை செய்யச் சொல்லிவிட்டு, "நீங்க கொஞ்சம் கவுண்ட் பண்ணுங்க" என்று என் மகளிடம் இந்தியில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். என் மகள் நின்றுகொண்டு ஏக், தோ, தீன் என்று எண்ணினாள். ஏழாவது தடவையில் காலைத் தூக்கும்போது பாதம் வெளிப்பக்கம் சாய்கிறது என்று குனிந்து சரிசெய்தாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லித்தரவில்லை.

படியிறங்கும்போது என் மனைவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "நம்ம பிள்ளையும் இதத்தான படிக்கப் போறேன்னிச்சி."

மகள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை. 

விண்ணப்பம் கொடுத்த அந்த வருடத்துப் பிறந்தநாளுக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டேன். அடுத்த வருடம் முதுகுவலி. அந்த இரண்டு தடவையும் பிணவறை ஊழியர் ஒருவரைக் கூட்டிவந்து வாசிக்கவைத்தார்கள், அவர் திக்கித் திக்கி வாசித்தார் என்று டீனுக்கு மனக்குறை. இந்த வருடம் சூப்பரின்டென்டென்ட் அம்மா தன் ஓய்வுக்கு முன் கடைசியாக என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "உங்க மனசு எனக்குப் புரியறது. ஆனா நீங்கதான் வாசிக்கணும்னு ஆர்டர் போட்டாச்சு. இன்னும் ரெண்டு வருஷ சர்வீஸ் இருக்கு, வம்பு பண்ணிக்காதீங்கோ."

வாசிக்கப் போனேன். ஆனால் ஒன்பதை விட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். எட்டிலிருந்து நேரே பத்துக்குத் தாவிவிட வேண்டும். யாருக்குத் தெரியப்போகிறது? இரண்டு நாளாகத் தொட்டியைக் கழுவும்போதுகூட அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கண்ணாடிக் கூரையிலிருந்து பகல் வெளிச்சம் விழுந்தது. சாமந்தி மாலை போட்ட ராஜா தலைப்பாகையோடு மேலேயிருந்து பார்த்தார். நல்ல மனுஷன்தான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அதுதான் என் கோளாறு. எட்டு முடிந்தது. வாய் அதுபாட்டுக்கு ஒன்பதை எடுத்துவிட்டது. சுமக்கிறவர்கள், கழுவுகிறவர்கள், தரையைத் துடைக்கிறவர்கள் என்று என் குரல் என் அனுமதி இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. வழக்கமான இடத்தில் நின்றும்விட்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்து, எல்லாரும் சமோசா தட்டோடு வெளியே போனபின், ஒரு பெண் மட்டும் கல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒப்பந்தத்தில் புதிதாக எடுத்த துப்புரவுப் பணியாளர். மான்குர்த்தில் இருக்கிறாள், எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். மராத்தி வாசிக்கத் தெரியாது, காதால் கேட்டுப் புரிந்துகொள்வாள்.

"அண்ணாச்சி, தர தொடைக்கவுக பிள்ளைக்குன்னு வாசிச்சீயளே, நெசமா?"

"இல்ல தாயி. அது பழைய காலத்துது. இப்ப கெடையாது."

"கெடையாதுன்னா பின்ன எதுக்கு வாசிக்கீய?"

"வாசிக்கணும்னு இருக்கு. அதனால வாசிக்கேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "ஒங்க பிள்ளைக்குக் கேட்டீயளாம்லா, கெடைக்கலியாம்லா? சொன்னாங்க. நிரந்தரம்னு இருக்கவுகளுக்கு ஒரு பேச்சு, எங்களுக்கு ஒரு பேச்சு. இருக்கட்டும் அண்ணாச்சி. எம் மவ பத்தாவது. அவ நல்லாப் படிப்பா."

சட்டம் மாறியதைச் சொன்னேன். கோப்பைப் பற்றிச் சொன்னேன். நாக்பூரைச் சொன்னேன், என் மகள் செம்பூரில் கவர் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவளிடம் சொன்னேன். மற்றவர்கள் வந்து பங்கு கேட்டுவிடக் கூடாது என்று ஒருத்தன் சொல்லுகிற கதையை எப்படிக் கேட்போமோ, அப்படி அவள் கேட்டாள்.  எல்லாம் முடிந்ததும் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

"மவளுக்கு மராட்டி வாசிக்கத் தெரியும். போட்டோ புடிச்சிக் காட்டுதேன். அந்தப் பூவு எழுத்த மறைக்கி, செத்த தள்ளிப் புடிங்க அண்ணாச்சி."

மாலையின் நுனி படத்திலிருந்து தொங்கிக் கல்லின் அடிப்பாகத்தை மறைத்துக்கொண்டிருந்தது. நான் அதைக் கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆடாமல் பிடிக்கச் சொன்னாள். அவள் எடுத்து முடிக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.